பணம் எடுப்பதற்கு முன் இதையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு 1994-லிருந்து வருகிறது. ஆனாலும் ஆசிரியருக்கு என்று கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது என் கணவரின் பாஸ்புக்.

பொங்கல் முடிந்த வாரம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுவரலாம் என்று இருவரும் வங்கிக்குப் போனோம். ரொம்ப நாளாகப் போடாததால் மிஷின் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியது. வீட்டுக்கு வந்து வரிவரியாகப் பார்த்தேன். பென்ஷன் வரவு, கேஸ் மானியம், மளிகைக்கடை, மருந்துக்கடை, எல்லாம் தெரிந்த வரிகள். நடுவில் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் 199 ரூபாய் ஒரு பெயருக்குப் போயிருந்தது. பென்சிலால் டிக் போட்டு எண்ணினேன். 14 முறை. 2,786 ரூபாய்.

அது என்னவென்று கணவருக்கும் உடனே ஞாபகம் வரவில்லை. பிறகுதான் புரிந்தது. 2024 கார்த்திகையில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சில நாள் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். காலையில் எழுந்ததும் பேப்பர் பார்க்காமல் இருக்க முடியாத மனிதர். பேப்பரை நான் வாசித்துக் காட்டினேன். மத்தியான நேரம் போகவில்லை. எங்கள் மருமகன், பாவம், நல்ல எண்ணத்தில்தான், கதைகளை வாசித்துச் சொல்லும் ஒரு செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தார். முதல் ஏழு நாள் ஒரே ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைக் கட்டுவதற்காக இவர் யுபிஐ பின் நம்பரைப் போட்டார். அதுதான் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேவுக்கும் அனுமதி என்று அந்த நேரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. பன்னிரண்டு நாள் போல ஆசையாகக் கேட்டார். கண் தெளிந்ததும் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். போனில் இடம் அடைக்கிறதே என்று செயலியை அவரே அழித்தும்விட்டார். அழித்தால் முடிந்தது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் போன 199 ரூபாய் நியாயமான காசு. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த மனிதருக்கு யாரோ ஒருவர் நல்ல குரலில் கதை படித்துக் காட்டினார். அந்த உழைப்புக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு கோணாது. என் வருத்தம் மீதி 13 மாதத்தைப் பற்றியது. 2,587 ரூபாய்க்கு ஒரு வரிகூட அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பது கம்பெனியின் கணினிக்கு மாதாமாதம் தெரியும். தெரிந்தும் 14-ஆம் தேதியானால் எடுத்துக்கொண்டது.

மகளிடம் சொன்னபோது, "மாசம் 199 ரூபாய்தானேம்மா, விடு" என்றாள். அவள் சம்பளத்துக்கு அது சரியாக இருக்கலாம். என் கணவருக்கு வரும் பி.எஃப். பென்ஷன் மாதம் 2,410 ரூபாய். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஆயிரத்தை வாங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை, கேட்காத கதைக்கு ஒரு முழு மாத பென்ஷன் போய்விட்டது. மாதக் கணக்கில் பார்த்தால் எல்லாச் சந்தாவும் சின்னதாகத்தான் தெரியும். பதினான்கு மாதத்தை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சந்தா தேறுமா தேறாதா என்று பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. வேலைக்குப் போன காலம் முழுவதும் வில்லிவாக்கத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் மாத சீசன் டிக்கெட் எடுத்துத்தான் போனேன். வேலையில் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. சீசன் விலையை ஒரு நாள் போய்வரும் டிக்கெட் காசால் வகுக்க வேண்டும். எட்டு நாளோ ஒன்பது நாளோ வரும். அதற்குப் பெயர் தேறும் நாள். அந்த மாதம் அதைவிட அதிக நாள் ஆபீஸ் போவோம் என்றால் சீசன் எடு, இல்லாவிட்டால் தினம் டிக்கெட் வாங்கு. மாதம் 24 நாள் போன எனக்கு சீசன் அள்ளிக் கொடுத்தது. முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் விடுப்பில் இருந்தபோது எடுக்கவில்லை. நான் கவுன்ட்டரில் போய் நின்று பணத்தை நீட்டாதவரை ரயில்வே என்னிடம் ஒரு பைசா கேட்டதில்லை.

ஆவின் அட்டையும் அப்படித்தான். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 46 ரூபாயிலேயே நின்றது. தினம் ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டில் மாதத்துக்கு 420 ரூபாய் மிச்சம். அதற்கு விலை என்ன? 1,380 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், விடியற்காலையில் பூத்துக்குப் போக வேண்டும், ஊருக்குப் போனால் அந்த நாட்களின் பாலை யாருக்காவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு சந்தாவில் எனக்கு என்ன லாபம், அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் ஏமாற வழியே இல்லை. அந்த அட்டையைக் கையில் வைத்திருந்த நாங்கள்தான் 14 மாதம் இதைக் கவனிக்காமல் இருந்தோம் என்பதுதான் என்னை உறுத்தியது.

சரி, ஒன்று அகப்பட்டது, வேறு எத்தனை இருக்கிறதோ என்று அன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இடது பக்கம் சந்தாவின் பெயர், பிறகு வருஷத்துக்கு எவ்வளவு, பிறகு தேறும் நாள், கடைசியில் உண்மையில் எத்தனை நாள். நாலாவது கட்டத்தை நிரப்புவதுதான் கஷ்டம். "அடிக்கடி பார்ப்போம்" என்று வாய் சொல்லிவிடும். எண்ணைச் சொல் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும்.

படம் பார்க்கும் சந்தாவை முதலில் எடுத்தேன். எங்கள் வீட்டில் இருந்தது அமேசான் பிரைம். மாதத்துக்கு 299, மூன்று மாதத்துக்கு 599, வருஷத்துக்கு 1,499 ரூபாய். வருஷச் சந்தா 2021 டிசம்பர் வரை 999-ஆக இருந்தது. மாதத்துக்கு 125 ரூபாய்தானே விழுகிறது, 299 எங்கே, 125 எங்கே என்று வருஷச் சந்தாவாகக் கட்டிக்கொண்டிருந்தோம். வகுத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு மாதச் சந்தா கட்டினால் 1,495. அதாவது வருஷத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பார்க்கிறவர்களுக்குத்தான் வருஷச் சந்தா லாபம். நாங்கள் பார்ப்பது எப்போது? ஏப்ரல், மே மாதங்களில் பேரப்பிள்ளைகள் வந்து தங்கும்போது. மற்ற நாட்களில் மாமியாருக்கு சீரியல், கணவருக்கு செய்தி, எனக்கு இரண்டும் வேண்டாம். வீட்டுக்குப் பொருள் வரவழைப்பது எத்தனை தடவை என்றும் எண்ணினேன். வருஷத்தில் பதினொரு தடவை, அதில் அவசரமாக மறுநாளே வேண்டியிருந்தது எதுவும் இல்லை. இனி ஏப்ரலில் 599 கட்டி மூன்று மாதம் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். 900 ரூபாய் மிச்சம். தினம் பார்க்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வருஷச் சந்தா எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது போன். இதைச் சந்தா என்று யாரும் சொல்வதில்லை. ரீசார்ஜ் என்கிறோம். ஆனால் நிறுத்த முடியாத சந்தா இதுதான். 28 நாள் திட்டம் போட்டால் வருஷத்துக்கு 13 முறை போட வேண்டும். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபிறகு 299 ரூபாய் திட்டம் என்றால் வருஷத்துக்கு 3,887 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பதிமூன்று தடவை கட்டுகிறோம் என்பது நோட்டில் எழுதிப் பார்க்கும்வரை என் மண்டையில் ஏறவே இல்லை. 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். எனக்கும் கணவருக்கும் மாதத் திட்டத்துக்கு மாற்றினேன். மிச்சம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தேதி மாறாமல் நிற்பது எனக்குப் போதும்.

மாமியார் போன் கதை வேறு. அத்தைக்கு 84 வயது. பட்டன் போன். அதில் இன்டர்நெட்டே கிடையாது. ரீசார்ஜ் கடையில் மூன்று எண்ணையும் சேர்த்துச் சொல்வோம். கடைப் பையன் மூன்றுக்கும் 299 போட்டுவிடுவான், நாங்களும் கேட்டதில்லை. தினமும் டேட்டா அந்த போனில் ஏறி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்படியே காலாவதியாகிக்கொண்டிருந்தது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தனியாகத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 தொடக்கத்தில் வந்த ஒரு திட்டம் வருஷத்துக்கு 1,849 ரூபாய். அத்தைக்கு அதைப் போட்டோம். 2,038 ரூபாய் மிச்சம். வீட்டில் பெரியவர்கள் பட்டன் போன் வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து இதை ஒரு தடவை பாருங்கள்.

ஆனால் அத்தையின் போன் தேறுமா என்று நாளை எண்ணிப் பார்த்தால் தப்பாகிவிடும். வாரத்தில் இரண்டு தடவைதான் பேசுவார். ஒன்று திருவண்ணாமலையில் இருக்கும் தங்கையிடம், இன்னொன்று மகளிடம். தங்கையிடம் பேசிவிட்டு வந்த நாளில் அவர் ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுகிறார். அந்தக் கட்டத்தில் நான் எண் எதுவும் எழுதவில்லை. மருத்துவக் காப்பீட்டையும் இந்த நோட்டில் சேர்க்கவில்லை. அதைப் பயன்படுத்தாமல் வருஷம் ஓடினால் அதுதான் நல்ல வருஷம். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது எங்களுக்குப் பெரிய ஆறுதல். எதை நாளால் அளக்கலாம், எதை அளக்கக் கூடாது என்பதை அந்தந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்கு, படிப்பு, உடற்பயிற்சி என்று பயன்படுத்துவதற்காகவே வாங்குகிறவற்றைத்தான் நான் நாள் கணக்கில் வைக்கிறேன்.

உங்கள் நாளிதழையும் அந்த நோட்டில் எழுதினேன். எழுதாமல் விட்டால் நேர்மை இல்லை. மாதத்தில் எல்லா நாளும் கணவர் ஒரு மணி நேரம் படிக்கிறார். நான் வெள்ளி, ஞாயிறு இணைப்புகளைப் படிக்கிறேன். அத்தைக்கு ராசிபலனையும் காலமானார் செய்திகளையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியில் எடைக்குப் போட்டும் கொஞ்சம் காசு வருகிறது. தேறுகிறது.

இன்னொன்றும் அகப்பட்டது. அது நாங்கள் கட்டிக்கொண்டே இருந்து மறந்துபோன சந்தா. சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் முதல்முதலாக அப்படி ஒரு சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வீடு வாங்கிய நாளிலிருந்து கட்டுகிறோம், கிளை நூலகம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, நான் கடைசியாக உள்ளே போனது மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது. கணவரை அழைத்துக்கொண்டு போய்ச் சிறிய முன்பணம் கட்டி உறுப்பினராக்கினேன். இப்போது சாயந்தரம் போய் உட்காருகிறார். போன வாரம் இரண்டு நாவல் எடுத்து வந்தார். பெரிய எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்தாராம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகச் சந்தாக்கள் இருந்திருக்கின்றன. பேப்பர், பால், கேபிள், சீசன், சீட்டு. ஒன்றில்கூடப் பயன்படுத்தாமல் 13 மாதம் பணம் கட்டியதில்லை. அப்போது நாங்கள் இப்போதைவிடக் கவனமாக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். அப்போது யாராவது வந்து கேட்டார்கள். பேப்பர்காரர் ஐந்தாம் தேதி பில்லோடு வருவார். அவர் வாசலில் நிற்கும் அந்த அரை நிமிஷத்தில், "ஏங்க, இந்த வாரப் பத்திரிகையை யாரும் படிக்கிறதில்லையே, நிறுத்திடலாமா?" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். கேபிள்காரர் அட்டையில் கையெழுத்துப் போடும்போது, "மூணு நாள் படமே வரலையே" என்று சொல்ல முடியும். 2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறை வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனலை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். பலருக்கு அது தலைவலியாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் அதற்காக உட்கார்ந்தோம். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இரண்டு விளையாட்டுச் சேனலை, பார்ப்பார் யாரும் இல்லை என்று எடுத்துவிட்டோம்.

ஆட்டோபே வந்தபிறகு வாசலில் நிற்கிறவர் இல்லை. வேலை சுலபமானது உண்மை. கரண்ட் பில், காப்பீட்டுப் பிரீமியம் போன்றவற்றுக்கு அது பெரிய உதவி, மறந்து அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அரை நிமிஷக் கேள்வி போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

பாதி வேலையை ரிசர்வ் வங்கி ஏற்கெனவே செய்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டு, யுபிஐ, வாலட் மூலம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளில், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வாடிக்கையாளருக்குச் செய்தி வர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி போன்ற ஒப்புதல் வேண்டும் என்று இருந்ததை 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ஆனது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும், இந்த வசதிக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதிதான்.

என் கணவருக்கும் அந்தச் செய்திகள் வந்திருக்கின்றன. இன்பாக்ஸில் தேடிப் பார்த்தேன். லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்ற செய்திகளுக்கு நடுவில், ஆங்கிலத்தில், சின்னச் சின்னச் சுருக்கெழுத்துகளோடு கிடந்தன. அவர் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து லேத் பட்டறையில் 35 வருஷம் உழைத்தவர். அந்தச் செய்தி புரியும்படியான மொழியில் இருக்க வேண்டும் என்று 2019-இல் வந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அவருக்குப் புரிகிற மொழி தமிழ். ஒரே ஒரு வரி, "நாளை உங்கள் கணக்கிலிருந்து கதைச் செயலிக்கு 199 ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இங்கே நிறுத்துங்கள்" என்று தமிழில் வந்திருந்தால் முதல் மாதமே என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

மொழியை மாற்றினால் மட்டும் போதாது என்று இந்த நோட்டைப் போட்ட பிறகு எனக்குத் தோன்றுகிறது. அந்தச் செய்தியில் இன்னும் ஒரு எண்ணைச் சேர்க்க வேண்டும். கடந்த மாதம் நீங்கள் இதை எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்ற எண். நோட்டில் நாலாவது கட்டத்தை நிரப்ப நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கணக்கு கம்பெனியிடம் சுத்தமாக இருக்கிறது. எந்தக் கதையை எந்த நிமிஷத்தில் நிறுத்தினோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும், திரும்பப் போட்டால் அங்கிருந்தே தொடங்குகிறதே. அந்தத் தகவலை வைத்து இன்னும் என்ன விற்கலாம் என்று பார்க்கிறவர்கள், பணம் கட்டுகிறவருக்கும் அதைச் சொல்ல வேண்டும். "கடந்த மாதம் 0 நாள்" என்று வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 22 நாள் என்று வந்தால் சந்தோஷமாகக் கட்டுவார்கள். நல்ல சேவை தருகிற கம்பெனி இதற்குப் பயப்பட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேண்டுகோள், மூன்று மாதம் தொடர்ந்து 0 என்றால் அந்த ஆட்டோபே தானாக நின்றுவிட வேண்டும். வேண்டுமென்றால் வாடிக்கையாளர் மறுபடி பின் போட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். இது பொழுதுபோக்கு, படிப்புச் செயலிகளுக்கு மட்டும். காப்பீட்டுக்கும் கடன் தவணைக்கும் இதைக் கொண்டுவரக் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாடிக்கையாளரைக் குழப்பி ஏமாற்றும் 13 வகை உத்திகளைத் தடை செய்திருக்கிறார்கள். அதில் சந்தாப் பொறியும் ஒன்று. நிறுத்தும் பட்டனை ஒளித்து வைப்பது, இலவசமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆட்டோ டெபிட் அனுமதியை வாங்கிக்கொள்வது எல்லாம் அதில் வருகிறது. சேர்க்கும்போதும் நிறுத்தப் போகும்போதும் செய்யும் தந்திரத்தை அது பார்க்கிறது. சேர்ந்தவர் பிறகு எட்டியே பார்க்காமல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் இனி ஒரு விதி வேண்டும்.

எங்கள் பணம் என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்கலாம். அனுமதி கொடுத்த யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் நடப்பில் இருப்பவை எல்லாம் பட்டியலாக வரும். அங்கே பின் போட்டு ரத்து செய்தேன், இரண்டு நிமிஷ வேலை. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் மூலமாகச் சேர்ந்த சந்தாக்கள் இருந்தால் அவை பிளே ஸ்டோருக்குள் தனியாக இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்தார்கள். பத்து நாளில் கடைசி மாதத்து 199 ரூபாய் மட்டும் கணக்குக்குத் திரும்ப வந்தது. மற்ற மாதங்களுக்கு, "முன்கூட்டியே செய்தி அனுப்பினோம், நீங்கள் நிறுத்தவில்லை" என்று கம்பெனியிடமிருந்து பதில். விதிப்படி அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அதனால்தான் விதியை மாற்றச் சொல்லி எழுதுகிறேன்.

எங்கள் வங்கிக் கிளையில் இந்த முன்னறிவிப்புச் செய்தியைத் தமிழில் அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார்கள். தங்கள் வங்கியிலிருந்து அப்படித் தமிழில் பெறுகிற வாசகர்கள் யாராவது இருந்தால், எந்த வங்கி, யாரிடம் எப்படிக் கேட்டு மாற்றினீர்கள் என்று இதே பகுதியில் எழுதுங்கள். என் கணவரின் காப்பீட்டுப் பிரீமியம் அடுத்த மாதம் 9-ஆம் தேதி எடுக்கப்பட இருக்கிறது. அதற்கான செய்தி 8-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அதையாவது அவரே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.